எறும்பில்லாத செய்முறைத் தேர்வு

ஏரிக்கரைக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. எறும்புகளை வேலை வாங்குவது எப்படி என்பதுதான் அங்கே பாடம். கொக்குதான் பேராசிரியர்.

சொன்னதை மட்டும்தான் எறும்பு செய்யும். “நட” என்று சொல்லிவிட்டு “நில்” என்று சொல்ல மறந்தால் நேரே தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கட்டளைகளை வரிசையாக, ஓட்டை இல்லாமல் எழுத வேண்டும்.

ஆனால் செய்முறைத் தேர்வில் மட்டும் எறும்புக்கு இடமில்லை. காலைக் கடிக்கின்றன என்று யாரோ எப்போதோ அவற்றை வெளியே துரத்திவிட்டார்கள். மாணவர்கள் தேக்கிலையில் கட்டளைகளை எழுதித் தருவார்கள். கொக்கு தன் விடை இலையைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி ஒத்துப்பார்த்து மதிப்பெண் போடும். பெயர் செய்முறை, நடப்பதெல்லாம் எழுத்து! கொக்குக்கும் இது உறுத்தாமல் இல்லை. ஆனாலும் குவிந்து கிடக்கும் இலைகளைத் திருத்தி முடித்தால் போதும் என்றிருந்தது.

அந்த ஆண்டுக் கேள்வி, சிந்திய தினையை வளைக்குள் சேர்ப்பது. மைனா எழுதியது கொக்கின் விடையை அப்படியே அச்சடித்தது போல இருந்தது. முழு மதிப்பெண். கீரியின் இலையோ ஒரே அடித்தல் திருத்தல். கீரி போன முறையே தோற்றிருந்தது. இப்போதும் தோற்றால் கல்லூரியை விட்டே போக வேண்டியதுதான்.

தவறு போடக் கொக்கு அலகைத் தூக்கியது. கீரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது.

“ஐயா, எறும்ப ஒரு தடவ ஓட விட்டுப் பாருங்க. எங்க முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பார்த்தாத்தான் எனக்குச் சரிபண்ண வரும்.”

கொக்குக்கு மனசு இளகிவிட்டது. எறும்புகளை வரவழைத்து, சரியான விடை எப்படி ஓடும் என்று காட்ட முதலில் மைனாவின் கட்டளைகளைக் கொடுத்தது. எறும்புகள் ஜோராகத் தினையைச் சுமந்தன. வளை நிரம்பியது. நிரம்பினால் என்ன செய்வது என்று இலையில் இல்லை. அவை கொட்டிக்கொண்டே இருந்தன. வாசல் அடைத்து, உள்ளே போனவை மாட்டிக்கொண்டன. கொக்கு பதறிப்போய் அலகால் கிளறி அவற்றை வெளியே எடுத்தது.

“உங்க விடையத்தானே ஐயா எழுதினேன்?” என்றது மைனா. அதற்கு அழுகை முட்டியது. கொக்கை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்து கீரியின் இலை. அதுவும் சொதப்பியது! எறும்புகள் வளையைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஆனால் கீரி அவற்றின் கூடவே தவழ்ந்து போய் ஓரிடத்தில் நின்றது. “இங்கதான் ஐயா. வாசல் வந்ததும் திரும்பச் சொல்லிட்டேன், நுழையச் சொல்லல.”

அந்த வரியை மாற்றி மறுபடி ஓடவிட்டது. வளை நிரம்பியதும் பக்கத்து வளைக்குப் போகச் சொல்லி இன்னொரு வரி சேர்த்தது. தினை முழுவதும் வீடு போய்ச் சேர்ந்தது.

கொக்கு தன் விடை இலையைக் கிழித்துப் போட்டது. கீரியிடம் அது தேறிவிட்டதாகச் சொன்னது. பிறகு மைனாவைப் பக்கத்தில் அழைத்தது.

“தப்பு என்னுதுதாம்மா. நீயும் எறும்ப வச்சுப் பண்ணு. தப்பானா ஆகட்டும், திருத்திக்கலாம்.”

மைனா முதன்முறையாக எறும்புகளின் பின்னால் நடந்தது.

ஒருவரின் கைத்திறனை அறிய வேண்டுமானால், வேலையைக் கையில் கொடுத்து, தவறிய இடத்தை அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்று பார்க்க வேண்டும்.