எல்லைக்கல்லைத் தாண்டிய மூட்டை

குழந்தைகளே, மருத மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் மற்போர் நடக்கும். எருதும் எருதும் மோதும். கரடியும் கரடியும் கட்டிப் புரளும். எல்லாச் சண்டைகளும் முடிந்து, உடம்பெல்லாம் புழுதியோடு எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கடைசி நாளில் இன்னொரு விளையாட்டு உண்டு. அதற்குக் கொசுறு ஆட்டம் என்று பெயர்.

மற்போரில் பெரியவர்கள்தான் வெல்வார்கள். கொசுறு ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம்.

ஆற்றின் மேட்டுக்கரை விளிம்பில் ஒரு மருத மரம் நின்றது. அதன் கிளையிலிருந்து ஒரு கொடியில் மூட்டை தொங்கும். உள்ளே மணலும் சருகும் அடைத்திருப்பார்கள். அந்த மூட்டையை அடித்துக் கிளையிலிருந்து பிய்த்து, கீழே விரிந்து கிடக்கும் ஆற்றுமணலில் முடிந்தவரை தூரமாக விழச் செய்ய வேண்டும். எத்தனை அடி வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் காலக்கெடு உண்டு. பாறைக்குழித் தண்ணீரில் ஓர் ஓட்டைக் கொட்டாங்கச்சியை ஆமை மிதக்கவிடும். அது நிறைந்து மூழ்குவதற்குள் மூட்டை கிளையை விட்டுப் போயிருக்க வேண்டும். மூழ்கிய பிறகு அடித்தால் அது கணக்கில் வராது.

மிக அதிக தூரத்தில் மூட்டை விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டிருந்தார்கள். யாராவது அதைத் தாண்டினால் கல் நகரும். கல் யாருடையதோ, அவர்கள் கூட்டம்தான் கோடையில் ஊற்றில் முதலில் தண்ணீர் குடிக்கும். அந்தக் காட்டில் இதைவிடப் பெரிய பெருமை கிடையாது.

பல ஆண்டுகளாக அந்தக் கல் கருமலை என்ற காட்டெருதுக்கே உரியதாக இருந்தது.

கருமலை மூட்டையை அடிப்பதைப் பார்க்க மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் வருவார்கள். அது தொலைவில் போய் நிற்கும். குளம்பால் மண்ணைக் கிளறும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஓடி வரும். தரை அதிரும். ஒரே ஒரு முட்டுதான். கொடி படீரென்று அறுந்து மூட்டை பறக்கும்.

அதைப் பார்த்துப் பார்த்துக் காட்டிலுள்ள எல்லோரும் முட்டப் பழகிவிட்டார்கள். கட்டிப்பிடித்தே எதிரியைத் தூக்கி எறியும் கரடி, போட்டியன்று தலையைக் குனிந்துகொண்டு ஓடி, மூட்டைக்குப் பதில் மரத்தில் மோதியது. முள்ளம்பன்றி ஓடி முட்டியபோது மூட்டை அதன் முள்ளில் குத்திக்கொண்டது. முதுகில் மூட்டையோடு அது சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து நரிகள் விழுந்து விழுந்து சிரித்தன. வாலால் கிளையைப் பிடித்து எவ்வளவு வேகமாகவும் ஆடக்கூடிய மந்திகூட, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு நெற்றியால் முட்டியது. மற்போர்க் காலம் வந்தால் போதும், காட்டில் பாதிப்பேர் தலைவலியோடு அலைவார்கள்.

அந்தக் காட்டில் செம்பி என்று ஒரு பெண் கீரி இருந்தது. போன கோடையில் செம்பியின் குட்டிகள் நோயில் விழுந்தன. காட்டெருதுக் கூட்டம் ஊற்றில் இறங்கிக் குடித்துவிட்டுப் போன பிறகு மிஞ்சுவது சேறுதான். அந்தச் சேற்றைக் குடித்த ஒரு குட்டி பிழைக்குமா என்று தெரியாமல் செம்பி வளைக்குள் விழித்தே கிடந்தது. குட்டி பிழைத்துக்கொண்டது. இன்னொரு கோடையை அது தாங்குமா என்பதை நினைக்கவே செம்பிக்குப் பயமாக இருந்தது.

அதனால் செம்பியும் முட்டப் பழகியது. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு கரையான் புற்றின்மேல் ஓடி ஓடி மோதியது. புற்று அசையவில்லை. செம்பியின் நெற்றிதான் வீங்கியது.

செம்பியின் துணையான ஆண் கீரி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "நேற்று நல்ல பாம்பை மடக்கினாயே, அதையும் முட்டியா மடக்கினாய்?"

"பாம்பு வேறு, மூட்டை வேறு. போய் வேலையைப் பார்" என்றது செம்பி.

சொல்லிவிட்டதே தவிர, அந்தக் கேள்வி அதை விடவில்லை. தன் தலை எருதின் தலை இல்லை என்று தெரிந்தும் ஏன் இத்தனை நாள் மோதிக்கொண்டிருந்தேன் என்று அது தன்னையே கேட்டுக்கொண்டது. எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அந்தப் பதில் அதற்கு வெட்கமாக இருந்தது.

பாம்பு சீறிக்கொண்டு வரும்போது கீரி எதிர்த்து நிற்காது. ஒதுங்கிக்கொள்ளும். பாம்பு தலையைப் பின்னுக்கு இழுக்கிற அந்த நொடியில்தான் பாயும். செம்பி போய், ஆலமர விழுதொன்றில் தொங்கிய ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையைத் தள்ளிப் பார்த்தது. அது வரும்போது ஒதுங்கி, திரும்பிப் போகத் தொடங்கும்போது மெல்லத் தள்ளியது. குடுக்கை வரவர உயரமாக ஆடியது. செம்பி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

கொசுறு ஆட்டத்தன்று முதலில் கருமலை இறங்கியது. வழக்கம்போல் ஒரே முட்டு. மூட்டை கருமலையின் பழைய கல்லின் பக்கத்திலேயே போய் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. கருமலை அவசரப்படாமல் நடந்து போய் நிழலில் நின்றுகொண்டது. தன் இடம் தனக்குத் தெரியும் என்பது போல் இருந்தது அந்த நடை.

பிறகு வந்தவர்கள் எல்லோரும் முட்டினார்கள். எல்லோருடைய மூட்டையும் அருகிலேயே விழுந்தது. கடைசியில் செம்பி வந்தது.

ஆமை கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டது. செம்பி மூட்டையைத் தொடவே இல்லை. நேராக மரத்தில் ஏறியது. கிளையில் கொடி கட்டியிருந்த இடத்தில் உட்கார்ந்து பல்லை வைத்தது.

"கடிக்கிறாள் பாருங்கள். இது திருட்டு ஆட்டம்" என்றது மந்தி.

ஆமை கண்ணைக் கொட்டாங்கச்சியிலிருந்து எடுக்கவில்லை. "மூட்டை கிளையை விட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் விதி. போன வருஷம் கருமலையின் கொம்பு பட்டுக் கொடி அறுந்தபோது நீ வாயைத் திறக்கவில்லையே" என்றது.

செம்பி கொடியை அறுக்கவில்லை. நாரை ஒவ்வொன்றாகப் பல்லில் பிடித்து, எது போதும், எது மிச்சமிருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கடித்தது. அதிகம் கடித்தால் மூட்டை காலடியிலேயே விழுந்துவிடும். குறைவாகக் கடித்தால் கொடி அறுவதற்குள் கொட்டாங்கச்சி மூழ்கிவிடும். அதற்குள் கொட்டாங்கச்சியில் பாதிவரை தண்ணீர் நிறைந்துவிட்டிருந்தது.

செம்பி சரசரவென்று இறங்கி வந்து, முன்னங்கால்களால் மூட்டையை மெல்லத் தள்ளியது. மூட்டை கொஞ்சம் அசைந்தது. அது திரும்பி வந்தபோது செம்பி ஒதுங்கிக்கொண்டது. மறுபடி ஆற்றுப்பக்கம் போகத் தொடங்கிய நொடியில் மீண்டும் தள்ளியது.

"செம்பியக்கா, மூட்டை தூங்கிவிட்டதா?" என்று மந்தி கேட்டது. "தாலாட்டும் பாடிவிடு."

எல்லோரும் சிரித்தார்கள். நிழலில் நின்ற கருமலை மட்டும் சிரிக்கவில்லை. மூட்டை ஒவ்வொரு முறையும் முன்பைவிட உயரமாகப் போவதை அது கவனித்துவிட்டது.

கிளை கிரீச்சிட்டது. சிரிப்பு அடங்கியது. மூட்டை ஆற்றின்மேல் நீண்டு போய், காற்றைக் கிழித்துக்கொண்டு திரும்பி வந்தது. இப்போது அது மேலே பட்டால் செம்பி நசுங்கிவிடும். செம்பி தரையோடு தரையாகப் படுத்து, அது தலைக்குமேல் போக விட்டு, திரும்பும்போது எழுந்து பாய்ந்தது. கொட்டாங்கச்சியின் விளிம்பில் தண்ணீர் தளும்பியது. கொடி இன்னும் அறவில்லை. நான் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று செம்பி பயந்தது. இனி மரத்தில் ஏற நேரமில்லை. கண்ணுக்குள் குட்டியின் முகம் வந்தது. அடுத்த முறை மூட்டை திரும்பியபோது செம்பி தன் உடம்பு முழுவதையும் அதன்மேல் எறிந்தது.

கொடி அறுந்தது.

மூட்டை கரையைத் தாண்டிப் பறந்தது. மணலைத் தாண்டி, நாணல் புதருக்குள் போய் விழுந்தது. அங்கிருந்த தண்ணீர்க்கோழிகள் கலைந்து பறந்தன.

தூரம் பார்க்கும் கொக்கு நடந்தது. கருமலையின் கல் வந்தது. கொக்கு அங்கே நிற்கவில்லை. மேலும் நடந்து நாணல் புதரருகே போய் நின்று, தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தது.

முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு குதித்தது. கரடி மார்பில் தட்டியது. சிறிய பிராணிகள் எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலில் மந்தி காதைப் பொத்திக்கொண்டது. செம்பி கரை விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அது சின்ன உடம்புதான். ஆனால் அன்று எல்லோரும் அதை அண்ணாந்து பார்ப்பது போல்தான் பார்த்தார்கள்.

ஆனால் ஆட்டம் அத்தோடு முடியவில்லை. கல்லை இழந்தவருக்கு இன்னும் ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்பது அங்கே வழக்கம். புது மூட்டை கட்டித் தொங்கவிட்டார்கள்.

கருமலையைச் சுற்றி அதன் கூட்டம் கூடிவிட்டது. முட்டுவதெல்லாம் பழைய காலத்து வித்தை, கீரியே அவ்வளவு தூரம் அனுப்புகிறாள் என்றால் அதே மாதிரி நீங்கள் செய்தால் மூட்டை மலையைத் தாண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கருமலை நேராகச் செம்பியிடம் வந்தது.

"எப்படிச் செய்தாய்?" என்று கேட்டது.

ஆண் கீரி செம்பியின் வாலைப் பிடித்து இழுத்தது. சொல்லாதே என்று அர்த்தம். செம்பிக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. தோற்றால் போவது தன் குட்டிகளின் தண்ணீர். ஆனால் ஒளித்து வைத்துத்தான் காப்பாற்ற முடியும் என்றால், அந்தக் கல்லின் பக்கத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பது? அது கொடியைக் கடித்த விதத்தையும், ஒதுங்கித் தள்ளிய விதத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னது. சொல்லி முடித்துவிட்டு இதையும் சொன்னது:

"அண்ணே, நீங்கள் இதைச் செய்தால் எனக்குப் பயமில்லை. உங்கள் ஓட்டத்தோடு வந்தால்தான் பயம். இன்றைக்கு நீங்கள் முழு மூச்சில் ஓடவில்லை. நான் பார்த்தேன்."

கருமலை அதை உற்றுப் பார்த்தது. "என்னை மறுபடி முட்டவைத்துத் தோற்கடிக்கப் பார்க்கிறாய். கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தது.

ஆமை கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டது. கருமலையால் மரத்தில் ஏற முடியாது. அதனால் மூட்டைக்கு மேலே, வாய்க்கு எட்டிய இடத்தில் கொடியைக் கவ்வியது. அப்போதுதான் ஒன்று தெரியவந்தது. எருதுகளுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. புல்லை நாக்கால் சுற்றிப் பிய்த்துத் தின்கிற வாய் அது. நாரை எப்படிக் கடிக்கும்? கருமலை கடித்தது, சப்பியது, கடைவாய்க்குத் தள்ளி அரைத்தது. கொடி நனைந்ததே தவிர ஒரு நாரும் அறவில்லை.

"அசை போடுகிறார்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு கருமலை மூட்டையை மெல்லத் தள்ளிப் பார்த்தது. மெல்லத் தள்ளுவது எப்படி என்று அந்தப் பெரிய தலைக்குத் தெரியவில்லை. மூட்டை கோணலாகச் சுழன்றது. திரும்பி வந்தபோது ஒதுங்கத் தெரியாமல் முகத்தில் வாங்கிக்கொண்டது. தண்ணீருக்குள் ஒரு குமிழி வந்தது.

"மூழ்கிவிட்டது" என்றது ஆமை.

கருமலையின் வாயோரம் பச்சைச் சாறு வடிந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் கரையைவிட்டுத் தொலைவாக நடந்தது. மிகவும் தொலைவாக. திரும்பி நின்று குளம்பால் மண்ணைக் கிளறியது. தலையைக் குனிந்தது.

அந்த ஓட்டத்தை அந்தக் காட்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. மருத மரத்திலிருந்து இலைகள் கொட்டின. மூட்டை மணலைத் தாண்டி, நாணல் புதரைத் தாண்டி, ஆற்றின் நடு ஓடையையும் தாண்டி அக்கரையில் போய் விழுந்தது.

கொக்கு ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை ஆட்டியது. அந்த அடி கணக்கில் வராது. கல்லை நாணல் புதரருகே நட்டார்கள்.

கோடை வந்தது. ஊற்று சுருங்கியது. முதல் நாள் காலையில் செம்பி தன் குட்டிகளோடு எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தது. காட்டெருதுக் கூட்டம் சற்றுத் தள்ளி நின்றது. பொறுக்காமல் முன்னே வந்த ஒரு கன்றைக் கருமலை கொம்பால் மெல்லத் தடுத்துப் பின்னால் தள்ளியது.

மந்தி மரத்திலிருந்து கேட்டது: "என்ன இருந்தாலும் செம்பியக்கா, உன்னைவிட அவர்தானே தூரமாக அடித்தார்?"

"ஆமாம். அவர்தான்" என்றது செம்பி. "நான் சொன்னதை அவர் நம்பியிருந்தால் இன்றைக்கு அவர் முன்னால் நின்றிருப்பார்."

அது கருமலையின் காதிலும் விழுந்தது. அந்தப் பெரிய எருது தலையை உயர்த்தி, "குடிக்கட்டும். ஆட்டத்தில் வென்று வாங்கிய தண்ணீர்" என்று தன் கூட்டத்துக்குச் சொன்னது.

குட்டிகள் குனிந்து குடித்தன. தண்ணீரின் அடியிலிருந்த கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன.

நீதி: பிறர் வென்ற வழியைப் பார்த்து வியக்கலாம்; ஆனால் நாம் வெல்வது நமக்கு இயல்பான வழியில்தான்.