ஆவுடை பேக்கரி

தவசிமுத்துவுக்கு நாற்பத்தொரு கடைகள். கன்னியாகுமரியிலிருந்து திண்டுக்கல் வரை பெரிய ஊர் எதுவானாலும் கடைத்தெருவில் ‘ஆவுடை பேக்கரி’ என்ற சிவப்புப் பலகை இருக்கும்.

ஆவுடை அவருடைய தம்பி.

அம்பாசமுத்திரத்தில் முதல் கடையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். தவசிமுத்து கல்லாவில் இருந்தார், ஆவுடை அடுப்பைப் பார்த்துக்கொண்டான். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் இருநூறு பன் கருகிப்போயிற்று. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் தவசிமுத்து தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். ஆவுடை கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். இருபத்தாறு வருடமாயிற்று. திரும்பவில்லை.

அவன் போன மறுமாதமே கடைக்கு அவன் பெயரை வைத்தார். அடுத்த வருடம் தென்காசியில் ஒன்று, பிறகு சங்கரன்கோவிலில். எந்த ஊரில் இருந்தாலும் என்றாவது ஒருநாள் தலை நிமிர்ந்து பலகையைப் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று ஊர் பேசியது. அவர் ஒவ்வொரு திறப்பு விழாவிலும் ரிப்பனை வெட்டிவிட்டுக் கூட்டத்தில் முகம் தேடினார்.

மாதம் ஒருமுறை பாபநாசத்தில் ஏகாம்பர சாமியைப் பார்க்கப் போவார். சாமிக்கு வயது நாற்பதுதான். தவசிமுத்து அறுபத்திரண்டு வயதில் அவர் காலடியில் உட்காருவார்.

அன்றைக்குக் கேட்டேவிட்டார்.

“சாமி, இன்னும் எத்தனை ஊருல கடை வச்சா அவன் கண்ணுல படும்?”

சாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

“பசிக்கி அண்ணாச்சி. தென்காசிக்குப் போயி உங்க கடையில ஆளுக்கு ஒரு பன் திம்போம். ஒண்ணு மட்டும். நீங்கதான் முதலாளின்னு சொல்லக் கூடாது.”

தென்காசிக் கடைக்குள் தவசிமுத்து காலெடுத்து வைத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பில் போடும் பெண்ணுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. சாமி அவளிடம் போய் இரண்டு பன் கேட்டார்.

“ஆவுடை இருக்காரா தாயி?”

அவள் சிரித்தாள். “அது கடை பேரு சாமி. அப்படி ஆளு யாரும் கிடையாது.”

“யாருமே இல்லையா?”

“போன ஆவணியில ஒருத்தர் வந்தாரு சாமி. நான்தான் ஆவுடைன்னாரு. நாங்கல்லாம் சிரிச்சிட்டோம்.”

தவசிமுத்து கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்படி இருந்தாரு?” என்றார்.

“நரைச்ச தலை. ஒல்லியா இருந்தாரு. ஒரு பன் வாங்கினாரு. திருப்பி அடிப்பக்கத்த மோந்து பாத்துட்டுத்தான் கடிச்சாரு. எதுக்குன்னு கேட்டேன். கருகலான்னு பாத்தேன்னாரு.”

“அப்புறம்?”

“அண்ணன் வருவாகளான்னு கேட்டாரு. யாரு அண்ணன்னேன். முதலாளின்னாரு. முதலாளி இங்கல்லாம் வரமாட்டாக, ஆபீஸ் நம்பர் தாரேன்னேன். வேண்டாம்னுட்டாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு.”

“எந்தப் பக்கம் போனாரு?”

“கூட்டமா இருந்துச்சு சார். பாக்கல.”

தவசிமுத்து உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தார்.

“உக்கார ஒரு ஸ்டூல் இருக்காம்மா?”

“இல்ல சார். இங்க உக்கார எதுவும் போடக் கூடாது. வந்தமா, வாங்கினமா, போனமான்னு இருக்கணும். முதலாளி உத்தரவு. அந்தப் பெரியவரும் கேட்டாரு. நின்னுக்கிட்டேதான் தின்னாரு.”

அது பதினைந்தாவது கடை திறந்தபோது அவர் போட்ட உத்தரவு. உட்கார இடம் கொடுத்தால் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், கூட்டம் நகராது என்று அவரேதான் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. மானேஜர். நாளைக்குக் கம்பத்தில் நாற்பத்திரண்டாவது கடை. காலை ஒன்பது மணிக்கு ரிப்பன், எட்டரைக்கே வந்துவிட வேண்டும் என்றார்.

“நீங்களே வெட்டிருங்க,” என்று தவசிமுத்து போனை அணைத்தார்.

பெண் இரண்டு பன்னைத் தட்டில் வைத்து நீட்டினாள். சாமி ஒன்றை எடுத்துக்கொண்டார். தவசிமுத்து மற்றதை எடுத்தார், கடிக்கவில்லை. தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், பூக்காரி, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். நரைத்த தலை ஒவ்வொன்றாக வந்து, அவர் பார்க்கப் பார்க்க வேறு யாரோ ஆகி, கடந்து போனது.

“மறுபடி வருவானா சாமி?”

சாமி பன்னைத் தின்று முடித்தார். கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு வாசல்படி இறங்கினார்.

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நீங்க இங்க இருங்க.”