புலவன் படித்த பூர்ஜ மரம்

பனிமலைச் சரிவில், ஓர் ஓடைக்கரை நெடுக, பூர்ஜ மரங்கள் நின்ற காலம் அது. வெள்ளை மரங்கள். தோல் தாள்தாளாக உரியும். அந்த நாளில் அதில்தான் எழுதினார்கள். கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் நான் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அங்கே சாரிகை என்றொரு பெண் பட்டை உரித்துப் பிழைத்தாள். கத்தி வைக்குமுன் மரத்தைத் தொட்டு, "மேலாடை மட்டும் எடுக்கிறேன், தாயே" என்பாள். அதுவும் ஒரு பக்கம் மட்டும். உள்தோலை உரித்தால் மரம் சாகும். மரம் செத்தால் வேர் மண்ணைப் பிடிக்காது. வேர் பிடிக்காவிட்டால் கரையும் போகும், கரைமேல் இருக்கும் அவள் ஊரும் போகும்.

ஒருநாள் மன்னன் சுகேதன் பரிவாரத்தோடு வந்து இறங்கினான். அவன் புகழை ஒரே நீண்ட தாளில் எழுதவேண்டுமாம். பெரிய புகழ்!

"மேல்தோல் கிழிகிறது. ஆழமாக வெட்டுங்கள்" என்றான் அவைப்புலவன் வாகீசன்.

முதல் நாள் சாரிகை எடுத்துச் சொன்னாள்: "மரம் செத்துப்போகும், மகாராஜா." மன்னன் கொட்டாவி விட்டான். இரண்டாம் நாள் காலில் விழுந்தாள். காலை இழுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கரையில் நூறு மரங்கள் அம்மணமாக நின்றன. மிஞ்சியது அவள் வாசல் மரம் ஒன்றுதான்.

பாவிகளா! இனி அழுது பயனில்லை என்று சாரிகை தெரிந்துகொண்டாள்.

"இதில் ஏற்கெனவே எழுதியிருக்கிறதே! எழுதிய தாள்மேல் எழுதலாமா? புலவர் படித்துச் சொல்லட்டும்" என்று அந்த வாசல் மரத்தின் பட்டையிலிருந்த குறுக்குக் கோடுகளைக் காட்டினாள்.

வாகீசன் திருதிருவென்று விழித்தான். தெரியாது என்று சொல்ல அந்த வாய்க்கு வருமா? "தேவலிபி, மகாராஜா! தேவர்கள் எழுதிய தங்கள் புகழ்தான்" என்று அளந்துவிட்டான்.

மன்னனுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படியானால் இதை விடுங்கள்!"

புகழை எழுதி முடிக்க மூன்று குளிர்காலம் ஆயிற்று. அதற்குள் வேர்கள் மக்கிவிட்டன. பனி உருகும் நாளில் மன்னனும் அவையும் கரையிலேயே பந்தல் போட்டுப் படிக்க உட்கார்ந்தார்கள். சாரிகை ஊராரை முன்பே மேட்டுக்கு ஏற்றியிருந்தாள். படீரென்று கரை சரிந்தது. பந்தல் போயிற்று, புகழ் போயிற்று, ஊரின் எல்லா வீடும் போயிற்று. மன்னன் மட்டும் அந்த ஒற்றை மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். சாரிகைதான் கயிறு போட்டு இழுத்தாள்.

"தேவலிபி காப்பாற்றியது" என்றான் அவன்.

"தேவலிபியா? மரம் மூச்சுவிடும் கோடு அது!" சாரிகை கத்தினாள். "நான் உண்மை சொன்னேன், நூறு மரம் செத்தது. உன் புலவன் பொய் சொன்னான், ஒன்று பிழைத்தது. அதனால்தான் நீயும் இருக்கிறாய்."

"என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்."

"என் ஊரைத் தா."



புகழுக்குக் காதைத் திறந்து உண்மைக்குக் காதை மூடுகிறவன், தன் காலடி மண்ணையும் பிறர் காலடி மண்ணையும் சேர்த்தே அழிக்கிறான்.