பதினோரு வீட்டுக்கு ஐம்பத்தைந்து மாடு

செங்குளத்தில் மொத்தமே பதினோரு வீடுதான். ஜமீன்தார் தொழுவத்தில் நாற்பத்தைந்து மாடுகள். மற்ற பத்து வீட்டிலும் வீட்டுக்கொரு மாடு. ஜமீன்தார் மகள் கல்யாணத்துக்குப் பால் வேண்டும் என்றதும், வகுக்கத் தெரிந்த கர்வத்தோடு கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார்.

"சராசரியா வீட்டுக்கு அஞ்சு மாடு. மாட்டுக்கு ரெண்டு படி. நாளைக் காலையில வீட்டுக்குப் பத்துப் படி பால் வரணும். வராத வீட்டு மாடு ஜமீனுக்கு!"

ஊரார் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஜமீன் மாடுகளை மேய்க்கிற சடைச்சி மட்டும், "கணக்கு அப்படின்னா அப்படியே ஆகட்டும் சாமி" என்றாள்.

மறுநாள் சொன்னபடி பால் வந்து இறங்கியது. மீசையை முறுக்கிக்கொண்டே தொழுவத்துக்குப் போன ஜமீன்தார் திகைத்தார். அங்கே ஐந்தே மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"எங்கடி என் மாடெல்லாம்?"

"வீட்டுக்கு நாலு நாலா கட்டிட்டு வந்தேன் சாமி. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அஞ்சு இப்பதான் எல்லா வீட்லயும் சரியா இருக்கு. உங்க வீட்லயும்தான்."

கூடவே வந்த கணக்கப்பிள்ளை ஏட்டைப் புரட்டினார். "வேற எப்படித்தான் கணக்குப் போடறது?"

"நேத்து இருந்த மாட்டு எண்ணிக்கைப்படி வீடுகளை வரிசையா நிறுத்துங்க. நட்டநடுவுல நிக்கிற வீட்ல ஒரு மாடுதான். வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதிக்குங்க."

"எழுதித் தொலையும்!" என்றார் ஜமீன்தார்.

சடைச்சி உடனே மிச்சமிருந்த ஐந்தில் நாலை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அடியே, நிறுத்து!" என்று அலறினார் ஜமீன்தார். "ஊர்க் கணக்கு வேற, என் வீட்டுக் கணக்கு வேற!"

"இதை நேத்தே எழுதியிருக்கலாமே சாமி" என்று சடைச்சி கயிற்றைக் கீழே போட்டாள்.