பதிலை விலைக்கு வாங்கிய பன்றி

குளத்துத் தண்ணீர் குறைந்துவிட்டால் போதும், அந்தக் காட்டு மிருகங்களுக்குள் வேலைச் சண்டை ஆரம்பித்துவிடும். கோடை முழுக்க யாருக்கு என்ன வேலை என்று அப்போதுதான் முடிவாகும். வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்ட ஆள் வேண்டும். பழுத்த மரத்தைத் தேடிச் சொல்ல ஆள் வேண்டும். உச்சிப் பாறையில் நின்று சிறுத்தை வருகிறதா என்று பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

பாறைக் காவலுக்குத்தான் அடிதடி. அங்கே நல்ல காற்று வரும். கீழே இருப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். காவல்காரன் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தால் யானைகூட ஒதுங்கி வழிவிடும்.

அதுவரை அப்பன் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்து வந்தார்கள். போன கோடையில் அந்தக் கணக்கு கவிழ்ந்தது. அப்பன் தேனெடுத்தான் என்று மகன் கரடியையும் அனுப்பினார்கள். அதற்கோ தேனீ என்றாலே உதறல். கோடை முழுக்க மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, வெறுங்கையோடு வந்து சேர்ந்தது.

அதனால் இந்த வருஷம் சின்னாயி நரி ஒரு யோசனை சொன்னது. அது கொஞ்ச காலம் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதுங்கிப் பிழைத்தது. அங்கே ஓர் அம்மா வந்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் மார்க்கைப் பற்றியே பேசாமல் கேள்வி கேட்பாராம். மெஷினைப் பிரித்து மாட்டப் பிடிக்குமா, நோயாளியைக் கவனிக்கப் பிடிக்குமா, நாலு பேரிடம் பேசி விற்கப் பிடிக்குமா என்று ஒரு மூட்டைக் கேள்வி. பதிலையெல்லாம் சேர்த்துப் பார்த்து, உன் மனசுக்கு இந்த மாதிரி வேலைகள் ஒத்துவரும் என்பாராம்.

"ஜோசியமா?" என்று கேட்டது தலைவி யானை.

"இல்ல பெரியாத்தா. மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் காட்டும். அதுக்குமே அவங்க உள்ளதைச் சொல்லணும்."

யானை காதை ஆட்டிச் சம்மதித்தது.

செய்தி கேட்டதும் கட்டையன் பன்றிக்குத் தூக்கம் போயிற்று. மண்ணென்றால் அதற்கு உயிர். மூக்கை ஈர மண்ணில் செருகிவிட்டால் உலகமே மறந்துபோகும். எந்த மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது என்று மோந்தே சொல்லிவிடும். ஆனால் புள்ளிமான் கூட்டம் அதைப் பார்க்கும்போதெல்லாம், "வந்துட்டாருய்யா சேத்து மாப்பிள்ளை" என்று சிரிக்கும். கேட்டுக் கேட்டுக் கட்டையனுக்கு வயிறு எரிந்தது. இந்தக் கோடையில் பாறைமேல் நிற்காவிட்டால் தான் பன்றியே இல்லை என்று சபதம் போட்டது.

அதற்கு ஏற்றாற்போல் அத்திமரத்துக் கிளையாண்டிக் குரங்கு ஒரு கடை விரித்தது. சரக்கு என்ன தெரியுமா? பதில்! நரி என்ன கேட்கும், என்ன சொன்னால் பாறை கிடைக்கும், எல்லாம் சொல்லித் தரப்படும். மான், முயல், மயில் என்று மரத்தடியில் வரிசை நின்றது.

கட்டையன் போனதும் குரங்கு வள்ளிக்கிழங்கில் விலை சொன்னது. கட்டையன் சீறியது. அதில் பாதிக்கு மேல் ஒரு வேர்கூடத் தர முடியாது என்றது. குரங்கு, அப்படியானால் பாதிப் பதில்தான், மீதிக்கு நீயே முழித்துக்கொள் என்றது. கட்டையன் திரும்பிப் போவதுபோல் நடித்துப் பார்த்தது. குரங்கு கூப்பிடவில்லை. கடைசியில் கேட்ட கிழங்கைக் கொட்டிவிட்டு, மேற்கொண்டு ஒரு பாடம் இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. பேரத்தில் தான்தான் ஜெயித்தோம் என்று அதற்கு நினைப்பு.

கேள்வி கேட்கும் நாள் வந்தது.

"இதுல சரி, தப்பு ஒண்ணும் கிடையாதுடா. மனசுல இருக்கறதைச் சொல்லு," என்றது நரி.

சரி, தப்பு இல்லாத பரீட்சையும் உண்டா? இதில் ஏதோ சூது இருக்கிறது, நல்லவேளை படித்துவிட்டு வந்தோம் என்று கட்டையன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது. உயரத்தில் நிற்பது பிடிக்கும் என்றது. தூரத்தைப் பார்ப்பது ரொம்பப் பிடிக்கும் என்றது.

"மண்ணைக் கிளறப் பிடிக்குமா?"

கட்டையனின் மூக்கு துடித்தது. ஆனாலும் வாய் பாடத்தைச் சொன்னது. "அசிங்கம். கிட்டவே போகமாட்டேன்க்கா."

நரி அதன் சேறு காய்ந்த முதுகை ஒருமுறை பார்த்தது. ஆனாலும் வாயால் சொன்னதுதான் கணக்கு என்று அடுத்த கேள்விக்குப் போனது. மற்றவர்களும் அதே பதில்களைத்தான் சொன்னார்கள். ஆனால் நடுநடுவே உளறினார்கள். மயில் மறந்துபோய் மண் பிடிக்கும் என்று சொல்லிவிட்டது. உளறாமல் ஒப்பித்தது கட்டையன் மட்டும்தான். பாறை அதற்குக் கிடைத்தது. ஊற்றுத் தோண்டும் வேலை மயில் தலையில் விழுந்தது.

மேலே ஏறிய அன்றே கட்டையனுக்குத் தலை சுற்றியது. வெயில் முதுகை வறுத்தது. அதன் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் ஒரே புகை. ஒருநாள் மேய்ந்துகொண்டிருந்த கடமானைச் சிறுத்தை என்று கத்த, காடே தலைதெறிக்க ஓடியது. இன்னொரு நாள் நிஜச் சிறுத்தை கீழே நிதானமாக நடந்து போயிற்று. கட்டையன் அதைப் பாறை நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஒரு மான்குட்டி தப்பியது அதன் அதிர்ஷ்டம்.

ஆற்றில் கதை இன்னும் மோசம். மயில் கால் நகம் தேயத் தேயக் கிளறியும் வந்தது தூசிதான். குளமும் வற்றிவிட்டது. தலைவி யானை எல்லோரையும் கூட்டி, விடிந்தால் தண்ணீர் தேடி மலையடித் தோட்டங்களுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டது. வழிகாட்ட முன்னால் போகப் போவது கட்டையனின் அம்மா.

கட்டையனுக்கு அந்தத் தோட்டங்களைத் தெரியும். அங்கே மின்வேலி உண்டு. மனுஷர்கள் பழத்துக்குள் வெடி வைப்பார்கள். அதன் அண்ணன் போன வருஷம் அப்படிப் போனவன்தான், திரும்பவில்லை.

அப்போது பார்த்து ஆற்றுப் பக்கத்துக் காற்று அடித்தது. தாழம்புதர் வளைவில், மணலுக்கு அடியில் தண்ணீர். மூக்கு அடித்துச் சொன்னது. ஆனால் போய்த் தோண்டினால் மண்ணைப் பற்றிச் சொன்ன பொய் வெளிவந்துவிடும். பாறை போய்விடும். மான்கள் மறுபடியும் சிரிக்கும். கட்டையன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. விடிந்ததும் கீழே அதன் அம்மா கூட்டத்தை வரிசைப்படுத்த ஆரம்பித்தாள்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே கட்டையன் பாறையிலிருந்து உருண்டு புரண்டு இறங்கியது. வழியில் நின்ற மயிலை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுத் தாழம்புதருக்கு அடியில் மூக்கைச் செருகியது. மணல் நாலாபக்கமும் பறந்தது. முதலில் ஈரம் வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. யானையே தும்பிக்கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. மான்களுக்குக் குடிக்கவே வாய் போதவில்லை.

சின்னாயி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. "இப்போ சொல்லு கட்டையா. மண்ணைக் கிளறப் பிடிக்குமா?"

"போக்கா. வேலை கிடக்கு," என்றது கட்டையன், வாய் நிறையச் சேற்றோடு.

பிறகுதான் அத்திமரத்துக் கடை விஷயம் வெளியே வந்தது. கேள்வி கேட்டதோடு விடாமல் ஆளுக்கு ஒருநாள் வேலையைச் செய்து பார்க்க விட்டிருக்க வேண்டும், அது தன் தப்பு என்று நரி ஒத்துக்கொண்டது. கட்டையன் நேராகக் குரங்கிடம் போய்க் கிழங்கைத் திருப்பிக் கேட்டது.

"நான் என்ன சொன்னேன்? பாறை கிடைக்கும்னேன். கிடைச்சுதா இல்லையா? அது உனக்குப் பிடிக்கும்னு நான் எப்பய்யா சொன்னேன்?" என்றது கிளையாண்டி.

கட்டையனுக்குக் கோபம்தான் வந்தது. கோரைப்பல்லை நீட்டிக்கொண்டு துரத்த, குரங்கு ஓடி உச்சிப் பாறையில் ஏறிக்கொண்டது. கட்டையன் அடிவாரத்திலேயே படுத்துக் காத்திருந்தது. இறங்க முடியாமல் மேலே உட்கார்ந்த குரங்கின் கண்ணில், தூரத்துப் புல்லுக்குள் அசைந்த சிறுத்தையின் வால்நுனி பட்டது. அது போட்ட கூச்சலில் காடு முழுக்கத் தப்பியது.

காவலுக்கு இதைவிட நல்ல ஆள் ஏது என்று தலைவி யானை சொல்லிவிட்டது. பாறைமேல் பேரம் பேச யாரும் ஏறி வருவதில்லை என்பது மட்டும்தான் கிளையாண்டிக்கு வருத்தம்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் உன் வாயால் உண்மையைச் சொல். அடுத்தவன் பதிலை ஒப்பித்தால் அடுத்தவன் வேலைதான் உன் தலையில் விழும்.