வெந்நீர் காணாத கீரை

ஊருக்குக் கிளம்புகிறவளாகத் துணிமணியை மூட்டை கட்டி மடத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் அஞ்சுகம் சாமியைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இருப்பது கீரை என்று அவளே சொன்னால்தான் தெரியும். கன்னங்கரேலென்று, பழைய வைக்கோல் வாடையோடு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“பாருங்க சாமி. என் அரைக்கீரை ஆன கதியைப் பாருங்க.”

ஏகாம்பர சாமி பார்த்தார். வயதில் அவர் அவளுக்குத் தம்பி. ஆனால் அவள் மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர்தான் அவளுக்குக் குரு.

“எல்லாப் பையும் இப்படியா?”

“எல்லாம்தான். மார்கழியில அறுத்து, ஆய்ஞ்சு, அலசி, ஈரம் போக உதறி சமையற்கட்டு ஃப்ரீசர்ல வச்சேன். நாளைக்குக் குருபூஜை. இந்த வெயில்ல தோட்டத்துல ஒரு இலை கிடையாது. மசியலுக்கு எங்க போவேன்? இந்த மடத்துல என் கையால நடக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் போச்சு. இனி இங்க எனக்கு என்ன வேலை?”

“ஃப்ரீசர் ரிப்பேரா?”

“அது நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளு கண்ணு பட்டிருக்கும்!”

அந்த ஆள் என்றால் சமையற்கட்டுப் பொறுப்பாளர் துரைக்கண்ணு. அவள் கோபம் ஒன்றும் வீண் கோபமில்லை. போன ஆடித் திருவிழாவில், பந்திச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு வெட்ட இடம் தேடிய மனிதர், அவளுடைய மணத்தக்காளிப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிட்டார். செழித்து நின்ற பாத்தி. கேட்கவும் இல்லை, பிறகு வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவும் இல்லை. யாருக்குத்தான் வயிறு எரியாது? அஞ்சுகம் ஓடி வந்து சாமியிடம் அழுதாள்.

“ஆறப்போடுங்கம்மா” என்றார் சாமி.

குரு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் துரைக்கண்ணுவின் முகம் பார்த்துப் பேசவில்லை. பேசியே ஆகவேண்டும் என்றால் இருவரும் ஜாடையாகப் பேசிக்கொள்வார்கள். அவர் அம்மிக்கல்லைப் பார்த்துச் சொல்வார். அவள் கதவு நிலையைப் பார்த்துப் பதில் சொல்வாள். மடமே வாய்க்குள் சிரித்தது.

சாமி எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து, அவளுடைய பைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பையை வைத்தார். உள்ளே கீரை, இப்போதுதான் பறித்தது போலப் பச்சைப் பசேலென்று இருந்தது.

“இது யாரோடது?”

“துரைக்கண்ணு வச்சது. நீங்க அறுத்தப்போ சிந்தினதாம். பொறுக்கி எடுத்து வச்சிருக்கார்.”

“என் பாத்திக் கீரை! அதே ஃப்ரீசர்! அவருக்கு மட்டும் எப்படிப் பச்சையா இருக்கும்?”

“உங்ககிட்ட அவர் ஒண்ணும் சொல்லலையா?”

அஞ்சுகம் தரையைப் பார்த்தாள். “அம்மிக்கல்லுகிட்டச் சொன்னாரு.”

“என்னன்னு?”

“கீரையைச் சுடுதண்ணியில ஒரு கொதி காட்டணுமாம். நிறம் பளிச்சுனு மாறினதும் எடுத்து ஐஸ் தண்ணியில போட்டுடணுமாம், விட்டா குழைஞ்சிடுமாம். அப்புறம் புழிஞ்சு வைக்கணுமாம். பச்சையா உள்ள வச்சா, அந்தக் குளிர்லயும் அது சும்மா இருக்காதாம். கொஞ்சம் கொஞ்சமாத் தன்னையே கெடுத்துக்குமாம்.”

“நீங்க?”

“சுடுதண்ணி ஊத்தி அழிக்கத்தான் சிலருக்குத் தெரியும்னு கதவு நிலைகிட்டச் சொன்னேன்.”

சாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அவளுக்குப் பரவாயில்லை.

“நீங்கதானே சாமி ஆறப்போடச் சொன்னீங்க! ஆடியிலிருந்து வாயே திறக்கல. ஒரு வார்த்தை கத்தினேனா? ஒரு வார்த்தை திட்டினேனா? எல்லாத்தையும் உள்ளயே வச்சேன். என்ன ஆச்சு? அந்த ஆளு இருமினாக்கூட எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆறவே இல்ல. நீங்க சொன்னது தப்பு!”

குருவைப் பார்த்துத் தப்பு என்று சொல்லிவிட்டதில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சாமி கறுத்த கீரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“கொதிக்காதது எப்படிம்மா ஆறும்?”

அஞ்சுகம் கறுத்த கீரையையும் பச்சைக் கீரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்ப நான் போய்க் கத்தலாமா?”

“வெட்டினது உங்க பாத்திதானே?”

அவள் போனாள். சமையற்கட்டு வாசலில் நின்று, கதவு நிலையைப் பார்க்காமல் நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“யோவ் துரைக்கண்ணு! யாரைக் கேட்டுய்யா என் பாத்தியை வெட்டினே? கிணத்துல இறைச்சு, இடுப்புல சுமந்து வளர்த்த செடிய்யா அது! உனக்கு அடுப்பு வெட்ட வேற மண்ணே கிடைக்கலையா?”

துரைக்கண்ணு கையிலிருந்த கரண்டி விழுந்தது. கிணற்றடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“தப்புதான்க்கா” என்றார் அவர். “அன்னிக்கே வந்து கத்துவீங்கன்னு எதிர்பார்த்தேன். கால்ல விழலாம்னுகூட இருந்தேன். நீங்க வரவே இல்ல. அப்புறம் உங்க முகத்தைப் பார்க்கவே பயமாப் போச்சு.”

“பயப்படணும்! நான் ஒண்ணும் ஓடிப்போறவ இல்ல, இங்கதான் இருப்பேன். அதே இடத்துல மறுபடி விதைப்பேன். நீதான் வந்து மண்ணைக் கொத்திக் கொடுக்கணும்!”

“கொத்தித் தர்றேன்க்கா.”

“அதோட விட்டுடுவேன்னு பார்த்தியா? போன பொங்கலுக்கு என்ன பண்ணினே, அதுக்கு முந்தி அந்த முருங்கை மரத்தை...”

தோளுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். சாமி. கையில் ஒரு செம்பு நிறைய ஜில்லென்ற பானைத் தண்ணீர்.

“குடிங்கம்மா” என்றார். “நிறம் மாறிடுச்சு.”