தீவைச் சுத்தி வந்த முறுக்கு

ஒரு கடல்ல ஒரு குட்டித் தீவு, அந்தத் தீவுல ஒரு ராக்கு. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும், சரியா? நீ "ம்" போட்டாத்தான் ராக்கு துடுப்புப் போடுவா. இல்லேன்னா படகுலயே காலை நீட்டிப் படுத்துக்குவா. அம்புட்டு சோம்பேறி அவ.

"ம்."

ஆங், அப்படித்தான். அந்தத் தீவுல மீன்பிடிக்கிற வள்ளம் நிறைய உண்டு. ஆனா அக்கரைக்குப் போயி ஊருக்குச் சாமான் வாங்கியாரதுக்குன்னு இருந்தது ஒரே படகு, அது ராக்கு படகு. காலையில போனா சாயங்காலம் வருவா. போகும்போதும் புலம்பல், வரும்போதும் புலம்பல். கை வலிக்குது, முதுகு வலிக்குது, கடலு ஏன் இம்புட்டு அகலமா கெடக்குதுன்னு யாரைப் பாத்தாலும் கேப்பா. யாரு என்ன பதில் சொல்றது அதுக்கு?

தீவுக்கு நடுவுல ஒரு பெரிய மணல்மேடு. மேடு பூரா முள்ளு. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஊரு. அந்தப் பக்கம் பின்கரை, அங்க ஒரே ஒரு வீடு. அது சீனியம்மா வீடு. சீனியம்மா முறுக்கு சுடுவா பாரு, எண்ணெயில சொய்ய்ங்னு விழுந்தா வாசம் மேட்டைத் தாண்டி வந்து மூக்கைப் பிடிச்சு இழுக்கும். ராக்குவும் அவளும் சின்னதுலேருந்து கூட்டாளிங்க. ஒரு நாளு சண்டை போடலேன்னா ரெண்டு பேருக்கும் சோறு இறங்காது. ஓமம் கூடிப்போச்சுன்னு ராக்கு சொல்லுவா, உன் நாக்குதான் கூடிப்போச்சுன்னு சீனியம்மா சொல்லுவா. அப்படியே பொழுது போயிரும்.

அப்போ ஊருக்கு ஒரு கேடு வந்துச்சு. ஊர்த் தலைவரு, அம்பலக்காரருன்னு சொல்லுவாங்க, அவரு பொண்டாட்டி பெரியநாயகி ஒரு கல்யாணத்துக்கு அக்கரைக்குப் போயிட்டு வந்தா. வந்ததுலேருந்து வாயைத் திறந்தா அக்கரைதான். அக்கரை வெத்தலை, அக்கரைச் சீப்பு, அக்கரை விளக்குமாறு. அவளைப் பாத்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பாத்து அதுக்கு அடுத்த வீடு. சுத்தி உப்புத்தண்ணி கெடக்கு, உப்பு அக்கரையிலேருந்து வருது. இவங்க பிடிச்ச மீனையே அக்கரைக்காரனுக்கு வித்துட்டு, அவன் அதைக் காயப்போட்டுக் கருவாடாக்கித் தந்தா, அக்கரைக் கருவாடு மாதிரி வருமான்னு மோந்து மோந்து பாக்கிறாங்க. இதை எங்க போயிச் சொல்ல?

"ம்."

அப்புறம் என்ன, டெய்லர் மச்சக்காளை மிஷினுல சிலந்தி கூடு கட்டிருச்சு. மேளக்கார இருளப்பன் மேளத்துல கோழி ஏறி அடைகாக்குது. சீனியம்மா காலையில கூடையைத் தலையில வச்சு மேடு ஏறி இறங்கி ஊருக்குள்ள வருவா, தெருத்தெருவாக் கூவுவா, நிறைஞ்ச கூடை நிறைஞ்சபடியே திரும்பிப் போகும். ஒருத்தி எடுத்துக் கடிச்சுப் பாத்து, ஆயிரந்தான் சொல்லு, அக்கரை முறுக்கு போல இல்லைன்னுட்டாளாம். அவ அக்கரையைக் கண்ணால பாத்ததில்லை, அதையும் சொல்லிப்புடுறேன்.

அன்னிக்கு ராக்கு சண்டை போடலாம்னு ஆசையாப் போறா, சீனியம்மா சண்டைக்கே வரலை. சட்டியைக் கவுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

"வர்ற பௌர்ணமிக்கு என்னை அக்கரையில கொண்டுபோய் விட்டுரு ராக்கு. இந்த ஊரு வாயால ஒரு தடவை நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். சொல்லலையே."

ராக்குக்கு இருக்கிறது ஒரு கூட்டாளி. அவளையும் தன் கையாலயே துடுப்புப் போட்டுக் கொண்டுபோய் விடணுமா? அன்னிக்கு ராத்திரிக் கஞ்சியை அப்படியே நாய்க்கு ஊத்திட்டா.

மறுநாளு பெரியநாயகி கூப்பிட்டு விட்டா. பொறந்த வீட்டுலேருந்து ஆளு வருதாம், அக்கரை முறுக்குத்தான் வேணுமாம். ராக்கு படகை எடுத்தா. சலக் சலக், சலக் சலக். கொஞ்சதூரம் போனதும் எதிர்க்காத்து. கை வலி. அப்போதான் அவ சோம்பேறித்தனமும் அவ கவலையும் ஒண்ணாச் சேந்து ஒரு யோசனை சொல்லுச்சு. அக்கரையைப் பாத்துப் போன படகு திரும்புச்சு, தீவை வளைச்சுச்சு, பின்கரையில போயி மணல்ல தட்டி நின்னுச்சு, தொப்.

சீனியம்மாகிட்ட என்ன சொன்னாங்கிற? அக்கரைக் கடைக்காரன் உன் முறுக்கைத் தின்னு பாத்துட்டு உருகிப்போயிட்டான், ஒரு கூடை உடனே வேணும்ங்கிறான்னு அளந்துவிட்டா. சீனியம்மா நம்பலை. அப்புறம் நம்பிட்டா. நம்மளை ஒருத்தன் புகழ்ந்தான்னா நம்பாம இருக்க முடியுமா? சொய்ய்ங், சொய்ய்ங்னு முறுக்கு வெந்துச்சு. ராக்கு பனைமரத்தடியில கொர்ர் கொர்ர்னு ஒரு தூக்கம் போட்டா. பொழுது சாயவும் பழைய பேப்பர்ல முறுக்கைச் சுருட்டி, நூலு போட்டுக் கட்டி, படகை இந்தப் பக்கம் கொண்டாந்தா. மூஞ்சியில கடத்தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு, வேர்த்துப்போனவ மாதிரி உஸ்ஸு உஸ்ஸுன்னு இறங்குறா, கள்ளி.

பெரியநாயகி பொட்டலத்தைத் தொட்டுப் பாத்தா. அக்கரையிலேருந்து வந்த முறுக்கு ஏன் இம்புட்டு சூடா இருக்குன்னு கேட்டா. வெயிலு அம்பலக்காரம்மா, வெயிலு, என்னையே தொட்டுப் பாருங்களேன்னா ராக்கு. அப்புறம் பெரியநாயகி ஒண்ணை எடுத்துக் கடிச்சா, கடக் முடக். கண்ணு சொருகிப்போச்சு. இதுல்ல முறுக்கு, இதை நம்ம ஊர்ல சுடுவாளா ஒருத்தின்னு கேட்டா. எவ சுடுவான்னு ராக்குவும் கூடச் சேந்துக்கிட்டா.

எங்க, "ம்" காணோம்?

"ம்."

ரெண்டாம் தடவை ஊரே கேட்டுச்சு. ஆளுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு. பெரியநாயகி கூடவே ஒரு பட்டு ஜாக்கெட் துணியையும் குடுத்து, அக்கரை டெய்லர்கிட்ட தைச்சு வாங்கியான்னா. ராக்கு துணியைக் கொண்டுபோயி மச்சக்காளை வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினா. அக்கரை டெய்லருக்கு வேலை குவிஞ்சு கெடக்கு, நீ கொஞ்சம் கைகுடுப்பியாம்னு சொன்னா. மச்சக்காளை சிலந்தியை ஊதித் தள்ளிட்டு மிஷினை மிதிச்சான், கடகட கடகட.

ஜாக்கெட் வந்துச்சு. பெரியநாயகி போட்டுப் பாத்தா, அளந்து எடுத்தாப்ல இருக்கு. இருக்காதா பின்ன? இத்தனை வருஷம் அவளுக்குத் தைச்சவன் கையாச்சே. அவளுக்கு ஒரு சந்தேகம். நான் அளவே குடுக்கலையே ராக்குன்னு இழுத்தா. ராக்கு அசரலை. அக்கரை டெய்லர் துணியைப் பாத்தே ஆளை அளந்துருவாரும்மான்னு சொல்லிட்டு, கிளுக்குன்னு வந்த சிரிப்பை இருமலா மாத்திக்கிட்டா.

முறுக்கு வீடு வீடாப் போச்சு. ஊரு பூரா கடக் முடக், கடக் முடக். அன்னிக்குத் தீவுல யாரு பேசினதும் யாருக்கும் கேக்கலை.

ராக்குக்குப் பெருமை பிடிபடலை. ஊரு வாயால புகழ வச்சாச்சு, சீனியம்மா இனி எங்கயும் போகமாட்டான்னு துள்ளிக்கிட்டுப் பின்கரைக்கு ஓடினா. ஓடினா அங்க என்ன நடக்குதுங்கிற? சீனியம்மா சட்டியெல்லாம் கழுவித் துடைச்சுச் சாக்குல கட்டிக்கிட்டு இருக்கா. முகத்துல அப்படி ஒரு சிரிப்பு.

"அக்கரையில எனக்கு இம்புட்டு கிராக்கின்னா நான் ஏன் பௌர்ணமி வரைக்கும் இருக்கணும்? வர்ற வெள்ளிக்கிழமையே கெளம்புறேன்."

மாட்டினாளா? ராக்கு தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டா. அழுதுகிட்டே ஊருக்கு வந்தா, பெரியநாயகி ஆளு விட்டுக் கூப்பிடுறா. முறுக்கை மட்டும் கொண்டாந்தாப் பத்தாதாம், அந்த முறுக்குக்காரியையே கொண்டாரணுமாம். கோயிலுக்குப் பக்கத்துல வீடு குடுப்பாங்களாம், அடுப்பு போட்டுக் குடுப்பாங்களாம். வெள்ளிக்கிழமை ஊரே கரையில வந்து மாலை போட்டுக் கூட்டிக்குமாம்.

ராக்கு யோசிச்சா. அப்படி யோசிச்சா, இப்படி யோசிச்சா. இங்க ஒருத்தி போகணும்ங்கிறா, அங்க ஒருத்தி வேணும்ங்கிறா, ரெண்டும் ஒரே வெள்ளிக்கிழமை. ரெண்டு பேருக்குமே சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டா. பயத்துல ரெண்டு நாளா அவளுக்குத் தூக்கமே வரலை, அவளுக்கே வரலைன்னா பாத்துக்க.

தூங்கிட்டியா?

"ம்ம்... இல்ல."

வெள்ளிக்கிழமை விடிஞ்சுச்சு. பின்கரையில படகு நிறைய சாமான். சட்டி, அடுப்பு, முறுக்கு அச்சு, ஒரு கோழி, சாக்கு மூட்டை மேல குந்தி சீனியம்மா. அக்கரையைப் பாத்து உக்காந்துட்டா, வீட்டைத் திரும்பிப் பாக்கலை. பாத்தா அழுதுருவான்னு அவளுக்குத் தெரியும். சலக், சலக். கொஞ்சதூரம் போனதும் படகு லேசா வளைஞ்சுச்சு. எங்கடி திருப்புறன்னு சீனியம்மா கேட்டா. நீரோட்டம் இழுக்குதுன்னா ராக்கு. இன்னும் கொஞ்சம் வளைஞ்சுச்சு. அப்போ காத்துல டம் டம், டம் டம்முனு மேளச் சத்தம். இருளப்பன்தான். அவசரத்துக்கு அக்கரை மேளம் கெடைக்கலைன்னு கோழியை இறக்கிவிட்டுட்டு அவனையே அடிக்கச் சொல்லியிருக்காங்க.

படகு கரையில தட்டுச்சு. தொப்.

சீனியம்மா ஊரைப் பாத்தா. ஊரு சீனியம்மாவைப் பாத்துச்சு. மேளம் டம்முனு ஒரு அடியோட நின்னுபோச்சு. அம்பலக்காரர் கையில பிடிச்ச மாலை பிடிச்சபடி நிக்குது. அக்கரை முறுக்குக்காரி எங்கன்னு அவரு கேட்டாரு. ராக்கு துடுப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நடந்ததை ஒண்ணுவிடாம ஒப்பிச்சா. சூடு வெயில்ல வந்ததில்லை, அடுப்புல வந்ததுன்னா. பெரியநாயகி போட்டிருக்கிற அந்த ஜாக்கெட் மச்சக்காளை தைச்சதுன்னா. மச்சக்காளை கூட்டத்துக்குள்ள தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஆனா அவன் கண்ணு மட்டும் ஜாக்கெட்டை விட்டு நகரலை.

அக்கரைக்காரன் தன் முறுக்கைத் தின்னதே இல்லைன்னு சீனியம்மாவுக்கு அப்போதான் உறைச்சுச்சு. முகம் சுண்டிப்போச்சு.

"படகைத் திருப்புடி."

"திருப்பமாட்டேன். நீ போயிட்டா நான் யார்கூடச் சண்டை போடுவேன்?" ராக்கு சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டா. துடுப்பைத் தூக்கித் தண்ணியில வேற போட்டுட்டா.

சீனியம்மா அது மிதந்து போறதைப் பாத்தா. அப்புறம் படகுல எந்திரிச்சு நின்னு பெரியநாயகியைப் பாத்தா. கேட்டது ஒரே கேள்வி.

"முறுக்கு நல்லாருந்துச்சா?"

ஊரே பெரியநாயகி வாயைப் பாக்குது. நல்லாருந்துச்சுன்னா இத்தனை நாளு பேசினதெல்லாம் பொய்யாப் போகும். நல்லால்லைன்னா பொட்டலம் வந்தப்போ பேசினது பொய்யாப் போகும். என்னதான் சொல்லுவா? ஆனா பாரு, வரவேற்க வந்த இடத்துல சும்மா நிக்கமாட்டாம, மிச்சமிருந்த கடைசி முறுக்கை அப்போதான் முழுசா வாயில போட்டிருந்தா. வாயைத் திறக்க முடியலை. அவளால சொல்ல முடிஞ்சது ஒண்ணுதான்.

"ம்."

அவ சொன்னதும் அம்பலக்காரர் "ம்"முன்னாரு. அடுத்த வீட்டுக்காரி "ம்"முன்னா. அப்புறம் கரையே "ம்ம்ம்"முன்னு சொல்லுச்சு. சீனியம்மா விடலை. அதை மென்னு முழுங்கிட்டுச் சொல்லுன்னா. பெரியநாயகி கடக் முடக்குன்னு மென்னு முழுங்கினா. கண்ணுல தண்ணி நிக்குது.

"எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு சீனியம்மா. நான்தான் கேனத்தனமாப் பேசிட்டேன். இறங்கி வா."

சீனியம்மா இறங்கினா. இறங்குற போக்குல ராக்கு முதுகுல ஒரு சாத்து, பளார்னு. எத்தனை நாளாச்சு இப்படி ஒரு அடி வாங்கின்னு ராக்கு முகம் மலர்ந்துபோச்சு.

அப்புறம் கோயில் பக்கத்து வீட்டுல அடுப்புப் போட்டாங்க. முதல் முறுக்கு பெரியநாயகிக்கு. அவ கடிச்சா, மென்னா, தலையைச் சாய்ச்சு யோசிச்சா. நல்லாருக்கு, ஆனா என்னமோ ஒண்ணு கொறையுதேன்னா. ஊரே வாங்கித் தின்னுட்டு ஆமா, கொறையுதுன்னுச்சு. என்ன கொறையுதுன்னு கடைசியில பெரியநாயகிதான் கண்டுபிடிச்சா. முறுக்கு படகு ஏறலையாம், தீவைச் சுத்தி வரலையாம்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். வாராவாரம் சீனியம்மா முறுக்கைக் கூடையில வச்சுப் படகுல ஏத்துவா, ராக்கு தீவை ஒரு முழுச் சுத்து சுத்திக் கொண்டாரணும். பின்கரையில போயிப் படுக்கவும் முடியாது, மணல்மேட்டு மேல ஊரே குடை பிடிச்சு உக்காந்து பாத்துக்கிட்டிருக்கும். மச்சக்காளை தைச்ச ஜாக்கெட் சுத்திவரும். திருவிழா வந்தா இருளப்பனும் மேளத்தோட சுத்திவருவான். ராக்கு துடுப்புப் போட்டுக்கிட்டே, இதுக்கு அக்கரைக்கே போயிருக்கலாமேன்னு புலம்புவா. பக்கத்துல முறுக்கைக் காவல் காத்துக்கிட்டு உக்காந்திருக்கிற சீனியம்மா, ஓமத்தைப் பத்திப் பேச்செடுப்பா. அவ்வளவுதான், சண்டை ஆரம்பிச்சிரும், சுத்து முடியிற வரைக்கும் ஓயாது.

என்ன, "ம்" வரலை? ஏய்.

சரி, ராக்குவும் துடுப்பை மடியில வச்சுட்டா. கதையைக் கரையில ஏத்திக் கவுத்துப் போட்டாச்சு, நீயும் அப்படியே கெடந்து தூங்கு. டப்பாவுல உனக்குன்னு ஒரு முறுக்கு வச்சிருந்தேன், காலையில கேட்டா இல்லைன்னு சொல்லிருவேன். கடக்.